எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை: தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்குத் துணை நிற்க விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

சென்னை எழும்பூரில் ஹால்ஸ் சாலையில் இருக்கும் அரசு குழந்தைகள் நல நிலையம், சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. திருவள்ளூர், ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை என்று வட மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும், எல்லை தாண்டி நெல்லூர், சித்தூர் பக்கமிருந்தும் உயிருக்குப் போராடும் குழந்தைகள் இங்கே வந்து சேர்கிறார்கள். உதவ மனமிருந்தும் எப்படி உதவுவது என்று தெரியாமல் நிற்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் பெரும்பாலானவை மதுரை, கோவை, திருச்சி என எந்த ஊர் அரசு மருத்துவமனைக்கும் பொருந்தும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எப்படிப்பட்ட குழந்தைகள் போகிறார்கள்?

மூச்சுத் திணறல் முற்றிய நிமோனியா, டெங்குவில் ரத்த அழுத்தம் இறங்கிய குழந்தை, நிற்காத வலிப்பு, மூளைக்காய்ச்சல், பாம்புக்கடி, தேள்கடி, மண்ணெண்ணெயையோ அரளி விதையையோ விழுங்கியவர்கள், தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி மீட்கப்பட்டவர்கள், பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. இவர்களில் பலர் இரண்டு நாள் முன்புவரை தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள். சரியான நேரத்தில் சரியான கவனிப்பு கிடைத்தால் முழுதாக மீண்டு பழையபடி ஓடக்கூடியவர்களும்கூட. இந்தப் பிரிவுக்குக் கொடுக்கும் எந்த உதவியும் வீணாகாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பெரியவர்கள் ஐசியூவிலிருந்து இது எந்த விதத்தில் வேறுபடுகிறது?

எல்லாமே எடைக்கணக்கில் நடக்கிறது. குழந்தையின் உடலில் ஒரு கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் இருக்கும். அப்படியானால் மூன்று கிலோ சிசுவின் மொத்த ரத்தமே 240 மில்லிதான். ஒரு கிலோ குறைமாதக் குழந்தைக்கு ஒரு சின்ன காபி டம்ளர்கூட நிறையாது. பெரியவரிடம் பரிசோதனைக்கு யோசிக்காமல் 10 மில்லி எடுக்கலாம். இங்கே அரை மில்லிக்கும் கணக்கு எழுத வேண்டும்.

மருந்தும் அப்படியே. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து, சிரிஞ்ச் பம்ப் வழியாக மணிக்கு ஒரு மில்லிக்கும் குறைவாக இறங்கிக்கொண்டிருக்கும். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அதனால் ஒரு செவிலியர் கணக்கிட்டதை இன்னொருவர் சரிபார்க்கிறார். மூச்சுக்குழாயில் வைக்கும் டியூப், ரத்த அழுத்தப் பட்டை, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி என்று ஒவ்வொன்றும் வயதுக்கு ஓர் அளவில் கையிருப்பில் இருக்க வேண்டும். ஆறு மாதக் குழந்தைக்குரிய டியூப் அன்றைக்கு இல்லை என்றால், ஆறு வயதுக் குழந்தைக்குரியது அலமாரி நிறைய இருந்தும் பயனில்லை.

இந்தக் கணக்கு தலைகீழாகும் இடம் ஒன்றுண்டு. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தில் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது.

அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, பிறகு உதவி எதற்கு?

சிகிச்சை இலவசம். குழந்தையோடு வந்து நிற்கும் குடும்பத்தின் செலவு இலவசமில்லை.

செய்யாற்றிலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். குழந்தை பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தால் பன்னிரண்டு நாள் கூலி போயிற்று. வீட்டில் மூத்த பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வந்திருப்பார்கள். இரண்டு பேர் சாப்பாடு, குளிக்க, மாற்றுத்துணி, செல்போன் ரீசார்ஜ், ஊருக்குப் போய்வர பஸ் டிக்கெட் எல்லாம் கடன். இரவில் தாய்க்கு உள்ளே இடம் கிடைத்தாலும் தகப்பன் வராந்தாவில் துண்டை விரித்துப் படுக்கிறார். காதுக் கம்மல் அடகுக்குப் போவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளுக்காகத்தான். பணம் தீர்ந்து, 'குழந்தை கொஞ்சம் தேறிவிட்டது' என்று சிகிச்சை முடியும் முன்னே அழைத்துக்கொண்டு போகும் குடும்பங்களும் உண்டு. அவர்களை இன்னும் நான்கு நாள் தங்க வைப்பது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

என்ன கொடுத்தால் பயன்படும்?

முதலில் கேளுங்கள். உறைவிட மருத்துவ அலுவலரையோ, செவிலியர் கண்காணிப்பாளரையோ, மருத்துவ சமூகப் பணியாளரையோ பார்த்து 'இந்த மாதம் எது குறைகிறது?' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிறந்தநாள் வந்தால் பொம்மையும் பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டு வருகிறவர்கள் நிறைய. அன்பு புரிகிறது. ஆனால் வெண்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்குப் பிஸ்கட் கொடுக்க முடியாது. பஞ்சு அடைத்த பொம்மை கிருமி தங்கும் பொருள் என்பதால் உள்ளே விடமாட்டார்கள். பழைய துணி மூட்டையும் அப்படித்தான். அவர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும்: சிறிய அளவு டயபர், புதிய பருத்தித் துணி, குழந்தைப் போர்வை, கை கழுவும் திரவம், தாய்மார்களுக்கு நைட்டியும் சானிட்டரி நாப்கினும், உடனிருப்பவர்களுக்குப் பாயும் பிளாஸ்க்கும். இவற்றைப் புகைப்படம் எடுத்துப் போடும் ஆசை யாருக்கும் வராது. ஆனால் வந்த அன்றே பிரித்துப் பயன்படுத்திவிடுவார்கள்.

சமைத்த உணவு கொடுப்பதாக இருந்தால் அனுமதி பெற்று, உடனிருப்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் தலைவர்கள் பிறந்தநாளும் சாப்பாடு குவியும். செவ்வாய் இரவு ஒன்றும் இருக்காது. செவ்வாய் இரவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்டிலேட்டர் போன்ற பெரிய கருவி வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கருவியோடு கைகழுவிவிடக் கூடாது. ஒரு வெண்டிலேட்டருக்குக் குழாய்கள், வடிகட்டிகள், சென்சார்கள் என்று தீர்ந்துபோகும் பொருட்கள் தொடர்ந்து வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி வேண்டும். இவை இல்லாமல் வந்த கருவி, உத்தரவாதக் காலம் முடிந்ததும் துணி போர்த்தி மூலையில் நிற்கும். பணம் குறைவாக இருந்தால் புதுக் கருவிக்குப் பதிலாக, இருக்கும் கருவிகளுக்கான உதிரிப் பொருட்களை மூன்று ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்வது மேல் என்பது என் கருத்து. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாள்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து இந்தப் பத்தியை மேலிடத்துக்கு அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சை என்ற துறை கருவியிலிருந்து பிறக்கவில்லை. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் காற்றுப்பையைக் கையால் அழுத்தலாம் என்று பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் காட்டினார். மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் அந்தப் பையை அழுத்தினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் குழந்தைகளுக்கென்றே முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. இன்றும் நிலைமை அதுதான்: வெண்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு அருகிலேயே ஒரு செவிலியர் இருக்க வேண்டும். சளியை உறிஞ்சி எடுப்பதும், டியூப் நகராமல் பார்ப்பதும், படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பதும் அவர் கைதான். செவிலியர் பயிற்சிக்கு நன்கொடை கொடுங்கள் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள்; கல்வெட்டில் பெயர் பொறிக்க அங்கே இடமில்லையே என்ற கவலை. நான் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

பணமாகக் கொடுப்பது எப்படி?

மருத்துவமனை நிர்வாகத்தின் வழியாக, நோயாளர் நலச் சங்கக் கணக்குக்குக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுத்து ரசீது வாங்குங்கள். வார்டில் யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டாம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வருமான வரியில் முழு விலக்கு உண்டு. இந்தச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களும் கேட்கிறார்கள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். முதலில் நிறுவனத்திடம் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ரத்த தானம் குழந்தைகளுக்கு எந்த அளவுக்குத் தேவைப்படுகிறது?

தினமும். சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம்; ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்தே நாள்தான் தாங்கும். விழாக்கால முகாமில் ஒரே நாளில் முந்நூறு பேர் கொடுத்துவிட்டு அடுத்த மூன்று மாதம் யாரும் வராவிட்டால், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்குத் தட்டணு கிடைக்காது. நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து, வாரம் ஒருவராகப் போங்கள்.

18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. நீங்கள் கொடுக்கும் ஒரு பை ரத்தத்தைச் சிறு பைகளாகப் பிரித்து ஒரே சிசுவுக்குப் பல நாள் ஏற்றுவார்கள். பல பேருடைய ரத்தம் அந்தச் சின்ன உடலுக்குள் போக வேண்டியதில்லை.

டெங்கு காலத்தில் 'தட்டணு அவசரம்' என்று குறுஞ்செய்திகள் பறக்கும். டெங்குக் குழந்தையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் மணிக்கு மணி அளந்து ஏற்றும் திரவம்தான். ரத்தக் கசிவு இல்லாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பதே வழக்கமான மருத்துவ வழிகாட்டல். மருத்துவர் 'வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம்' என்றால் அவரிடம் சண்டை போடாதீர்கள்.

அப்பாவே குழந்தைக்கு ரத்தம் கொடுப்பது நல்லதில்லையா?

மனம் அப்படித்தான் கேட்கும். ஆனால் நெருங்கிய ரத்த உறவினரின் அணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியம் என்று இனங்காணாமல் விட்டுவிட, அவை உள்ளே தங்கிக் குழந்தையின் உடலையே தாக்கும் அபாயம் அரிதாக உண்டு. இதைத் தடுக்க அந்த ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். பின்னாளில் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படக்கூடிய குழந்தைக்கு உறவினர் ரத்தத்தை ஏற்றாமலிருப்பது இன்னும் முக்கியம். அப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் ரத்த வங்கியில் கொடுக்கட்டும். அது வேறொரு குழந்தைக்குப் போகட்டும்.

தாய்ப்பால் தானம் என்பது என்ன?

குறைமாதச் சிசுவின் குடல் மிகவும் மென்மையானது. மாவுப்பால் கொடுத்தால் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. பெற்ற தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமாகும்போது, தாய்ப்பால் வங்கி கைகொடுக்கிறது. இந்தியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது உண்டு. கொடுக்கும் தாய்க்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, மேகநோய்ப் பரிசோதனை செய்வார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வைத்துப் பாதுகாப்பார்கள்.

தன் குழந்தை குடித்தது போகப் பால் மிஞ்சும் தாய்மார்கள் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். அந்தச் சிசுக்கள் ஒரு வேளைக்குக் குடிப்பதே இரண்டு மில்லி, மூன்று மில்லிதான். நீங்கள் ஒருமுறை கொடுப்பது பல வேளைக்கு வரும். பாலை வாங்கவோ விற்கவோ கூடாது; 2024 மே மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே இதைத் தெளிவாக அறிவித்தது.

தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம், பணம் முடியவில்லை. என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாவிட்டால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தை அணுக வேண்டும். இலவசத் தொலைபேசி 1800 425 3993. இந்த இடத்தில்தான் படித்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பெரிய உதவி. குழந்தையை விட்டு நகர முடியாத பெற்றோருக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

பணம் தீர்ந்தபின் அரசு மருத்துவமனைக்கு மாற்ற நினைத்தால், பெட் இருக்கிறதா என்று மருத்துவர் மருத்துவரிடம் பேசி உறுதி செய்த பிறகே கிளம்புங்கள். ஆக்சிஜனும் உடன்வரப் பயிற்சி பெற்றவரும் இல்லாத வண்டியில் குழந்தையை ஏற்ற வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் உதவிக் கோரிக்கைகளை நம்பலாமா?

சரிபார்க்காமல் பணம் அனுப்பவும் வேண்டாம், அடுத்தவருக்குத் தள்ளவும் வேண்டாம். மருத்துவமனையின் பொதுத் தொலைபேசிக்குப் பேசி, அப்படி ஒரு குழந்தை சிகிச்சையில் உள்ளதா, செலவு மதிப்பீடு உண்மையா என்று கேளுங்கள். முடிந்தவரை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். குழாய்கள் செருகிய குழந்தையின் முகத்தைக் காட்டும் படங்களைப் பகிர வேண்டாம் என்பது என் தனி வேண்டுகோள். அந்தக் குழந்தை நாளை பள்ளிக்குப் போகப் போகிறது.

உறவினர்கள் நேரில் போய்ப் பார்க்கலாமா?

பிரிவுக்குள் கூடாது, கிருமி போகும். வெளியே காத்திருக்கும் தாயைப் பாருங்கள், ஆனால் 'நீ கவனமாக இருந்திருக்கலாமே' என்றும், 'எங்கள் ஊரில் இதே மாதிரி ஒரு குழந்தை...' என்றும் தொடங்காதீர்கள். அவள் ஏற்கெனவே தன்னைத்தானே ஆயிரம் முறை குற்றம் சாட்டிக்கொண்டிருப்பாள். டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோங்கள், அவள் குளித்துவிட்டு வரும்வரை சிஸ்டர் கூப்பிட்டால் பதில் சொல்ல அங்கே உட்காருங்கள்.

பெற்றோர் உள்ளே என்ன செய்ய முடியும்?

நிறைய. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருத்துவர் அனுமதித்த இடத்தில் தொடுங்கள், பேசுங்கள். குழந்தைக்குக் கேட்கும். கட்டுவிரியன் கடித்த குழந்தையின் உடல் முழுக்கச் செயலிழந்து, இமையைக்கூடத் திறக்க முடியாமல் வெண்டிலேட்டரில் கிடக்கும். பார்ப்பவர் உயிர் போய்விட்டதென்றே நினைப்பார்கள். உள்ளே நினைவு தெளிவாக இருக்கலாம். சுற்றி நின்று அழுததையெல்லாம் எழுந்தபின் சொன்னவர்கள் உண்டு. அதனால் கட்டில் அருகே நின்று ஒப்பாரி வைக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், வழக்கமான தாலாட்டைப் பாடுங்கள்.

எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு முறை வெறும் ஆறுதல் முயற்சி அல்ல. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது சிசு இறப்பு கால்பங்கு குறைந்தது. தாய் முடியாத நேரத்தில் அப்பாவும் பாட்டியும் செய்யலாம்.

மானிட்டரில் மணி அடிக்கும்போதெல்லாம் பதற வேண்டாம். கால் அசைந்தாலே அது அடிக்கும். புரியாததைக் கேளுங்கள். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் 'நேற்றைக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறது, இன்று என்ன செய்யப் போகிறீர்கள்?' என்ற இரண்டு கேள்வி போதும். பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தையைக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர்கள் சொன்னால்?

அந்தக் குடும்பத்துக்கு அவசரமில்லாத நேரமும் தனியிடமும் வேண்டும். மடியில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம், கேட்க வேண்டும். உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு.

மூளைச்சாவு என்று சட்டப்படி மருத்துவர் குழு உறுதி செய்தால், பெற்றோர் விரும்பினால் உறுப்புகளைக் கொடுக்கலாம். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவன் இதயம் ஒரு சிறுமிக்குள் துடித்தது, தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றிய பேச்சே அதன்பின் மாறியது. உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு 2023 முதல் அரசு மரியாதையோடு நடக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரை யாரும் வற்புறுத்தக் கூடாது.

மருத்துவமனைக்குப் போகாமல், ஊரில் இருந்தபடியே ஏதாவது செய்யலாமா?

குழந்தைகள் தாமதமாக வந்து சேராமல் பார்த்துக்கொள்ளலாம். அங்கன்வாடியிலும் மகளிர் குழுவிலும் இவற்றைச் சொல்லுங்கள்: மூச்சு விடும்போது விலா உள்வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்தால் உடனே போக வேண்டும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பாம்பு கடித்தால் கயிறு கட்டவோ கீறவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. கடித்த கை காலை அசைக்காமல் தூக்கிச் செல்ல வேண்டும். தரையில் படுத்துத் தூங்கிய குழந்தை நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தொங்கிப் பேச்சுக் குழறினால், கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கட்டுவிரியன் என்று நினைத்துக் கிளம்புங்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் உதவி வேண்டுமா?

வேண்டும். பல வாரம் படுக்கையில் இருந்த குழந்தைக்குத் தசை மெலிந்திருக்கும், தூக்கத்தில் அலறும், விழுங்கத் திணறும். பிசியோதெரபி, கண், காது, வளர்ச்சிப் பரிசோதனை என்று மறுவருகைகள் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய தேதிக்கு வராமல் போகும் குழந்தைகளில் பலர் பஸ் காசு இல்லாமல்தான் வருவதில்லை. ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் போக்குவரத்துச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். மருத்துவ சமூகப் பணியாளரிடம் சொன்னால் எந்தக் குடும்பத்துக்குத் தேவை என்று அவர் சொல்வார்.